ஊர் வரலாற்று நூல்களில் முன்னோரைத் தேடுதல்

தம் முன்னோரை அறிய விழைவோர் முதற்கண் ஊர் வரலாற்று நூல்களையே நாடுவர். கடலோர மீனவ ஊராகிய தரங்கம்பாடியைச் சான்றாகக் கொள்வோம். 1620இல் டேனியர் வந்ததையும், 1706இல் சீகன்பால்கு கரையிறங்கியதையும், 1845இல் ஆங்கிலேயருக்கு ஊர் விற்கப்பட்டதையும் அந்நூல்கள் விரித்துரைக்கும். வலை வீசியவர் பெயரோ அவற்றில் காண்டற்கரிது. ஆயினும் அவை வழிகாட்டிகளே. ஆட்சி மாறிய ஆண்டை அறிந்தோர், 1845க்கு முந்தைய ஆவணங்களுள் பெரும்பாலானவற்றைக் கோபன்ஹேகனிலும், பிந்தையவற்றைச் சென்னை ஆவணக் காப்பகத்திலும் தேடுவர். திருச்சபைப் பதிவேடும் கல்லறைக் கல்லும் கிரயப் பத்திரமும் சில பெயர்களைத் தரும். எஞ்சியவை முதியோர் நினைவிலேயே உள்ளன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இவ்வூரில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுசென்றதை நாம் அறிவோம். ஆதலின், மாணவர்களே, முதியோர் சொல்வதை இன்றே எழுதி வைப்போம். நாளைய ஊர் வரலாற்றில் அப்பெயர்களும் இடம்பெறட்டும்.