பிக்கப் வண்டிக்கு ஏர் பேக்

"மாமா, வண்டிக்கு ஏர் பேக் மாட்டணும். ஞாயித்துக்கிழமை வந்து கூட நில்லுங்க" என்று தங்கை மகன் போனில் சொன்னபோது, விபத்து நேர்ந்தால் விரிந்து முகத்தைக் காக்குமே, அந்தப் பையைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். போசரியில் அவன் வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் இது வேறு பை என்று புரிந்தது.

அவன் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவன். அண்டா, கிரைண்டர், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றினால் வண்டியின் பின்புறம் உட்கார்ந்துவிடும். முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதற்கு மருந்தாக இரண்டு ரப்பர் பைகளை வாங்கி வைத்திருந்தான்.

புனேவாசிகளான நமக்கு பிக்கப் வண்டி புதிதல்ல. 2003 வரை டெல்கோ என்று நாம் அழைத்த டாடா மோட்டார்ஸ், டாடா மொபைல் பிக்கப்பை 1988-லேயே கொண்டுவந்தது. இத்தகைய வண்டிகளின் பின்பாரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். ஊரில் கமான் பட்டை என்போம், இங்கே கமானி. அதற்கும் சேஸிஸுக்கும் நடுவில் காற்றுப் பையை வைத்தால், பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1950-களிலேயே நெடுந்தூரப் பஸ்களில் காற்று ஸ்பிரிங் வந்துவிட்டது.

கணக்கு எளிது. 12.5 செ.மீ. குறுக்களவுள்ள பையின் பரப்பு சுமார் 123 சதுர செ.மீ. அதில் 50 பி.எஸ்.ஐ., அதாவது சதுர செ.மீ.க்கு 3.5 கிலோ அழுத்தம் இருந்தால், ஒரு பை சுமார் 430 கிலோவைத் தாங்கும். இரண்டும் சேர்ந்து 860 கிலோ.

"அப்ப இன்னும் 800 கிலோ ஏத்தலாமே மாமா!" என்றான் பையன். இங்கேதான் நான் அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வைத்தேன்.

பை உயர்த்துவது வண்டியின் பின்புறத்தை மட்டுமே. அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். ஆர்.சி. புத்தகத்தில் எழுதியுள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது.

இன்னொன்றும் உண்டு. குனிந்து பார்த்தபோது, பின் அச்சிலிருந்து மேலே ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி போவது தெரிந்தது. பல பிக்கப் வண்டிகளில் இது உண்டு. பின்புறம் தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று அறிந்து, பின்சக்கர பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காலி வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். பையை ஊதி வண்டியை நிமிர்த்தினால், பாரத்தோடு இருக்கும் வண்டியைக் காலி வண்டி என்று அந்த வால்வு நம்பிவிடும்!

சாத்தாராவில் கல்யாணத்தை முடித்துத் திரும்பும்போது, காத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை எவ்வளவு இறக்கம் என்று நமக்குத் தெரியும். 2022 நவம்பர் 20 அன்று கட்டுப்பாடிழந்த ஒரு லாரி அங்கே எத்தனை வண்டிகளை இடித்து நொறுக்கியது என்பதும் நினைவிருக்கும். அந்த இறக்கத்தில் பிரேக் பாதி வேலை செய்தால் போதுமா?

அன்று பையை மாட்டவில்லை. மறுநாள் சாமான்களோடு எடை மேடைக்குப் போனோம். அனுமதித்த எடைக்கு மேல் 280 கிலோ! கிரைண்டர்களை இறக்கிவிட்டு, மாவை உள்ளூரிலேயே அரைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. பிறகு சர்வீஸ் நிலையத்தில் விசாரித்து, அந்தக் கம்பியைப் புதிய உயரத்துக்குச் சரிசெய்ய ஏற்பாடு செய்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துவதால், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு வேலை நடந்தது. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பிராக்கெட்டுகளை போல்ட் போட்டு முடுக்கினோம். சேஸிஸில் வெல்டிங் கூடாது. காற்றுக் குழாயை சைலன்சர் சூடும் பிரேக் குழாயும் படாமல் கொண்டுபோனோம். இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய். ஒரே குழாயானால் வளைவில் ஒரு பையின் காற்று மறு பைக்கு ஓடி வண்டி சாயும். கடைசியில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஓரிடத்தில் குமிழி வந்தது. கழற்றி மறுபடி மாட்டினோம்.

காலி வண்டியிலும் பையில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் மடிந்து கிழியும். நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும்.

மாலை காபி கொடுத்த தங்கை கேட்டாள்: "இனிமே வண்டி பத்திரமா அண்ணா?"

"எடை மேடைக்குப் போயிட்டு கிளம்பினா பத்திரம்மா" என்றேன்.

பிக்கப் வைத்திருக்கும் நம் சங்க அன்பர்களுக்கும் அதையேதான் சொல்வேன். முதலில் எடை, அடுத்து பிரேக், அதற்குப் பிறகுதான் பை.