வம்சத்தின் கணக்கு – 7: பாட்டன் பேரனிடம் திரும்பும் வழி

டில்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் கரையையொட்டி, விழுப்புரம், சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்தவர்கள் கட்டியெழுப்பி, மதராசி கேம்ப் என்ற பெயரோடு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்த குடியிருப்பு, 2025 ஜூன் 1ஆம் தேதி இடித்துத் தரைமட்டமாக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால், ஒரு மாலைப்பொழுதில் நான் அதன் சந்தொன்றில் நின்றுகொண்டிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த மூதாட்டி, மடியிலிருந்த பையனின் முகத்தை என் பக்கம் திருப்பி, "இவங்க தாத்தாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கான், பாருங்க, இவங்கப்பனுக்கு இந்த மூக்கு இல்லை" என்றார். தந்தையிடம் காணாத லட்சணம் பேரனிடம் எவ்வாறு தோன்றியது என்ற வியப்பு அந்த அம்மாளின் குரலில் இருந்தது. சந்ததி சாஸ்திரம் முழுவதும் அந்த ஒரு வியப்பிலிருந்து பிறந்ததுதான்.

பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் ஆகையால் பெயரன், அதுவே பேரன் என்று நம் மொழி சொல்லிவைத்திருக்கிறது. பெயர் மட்டுமல்ல, குணமும் ஒரு தலைமுறையைத் தாண்டி வரக்கூடும் என்பதைக் கணக்கிட்டு நிரூபித்தவர், ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த புருன் நகரத்து மடாலயத்தின் துறவியான கிரிகோர் மெண்டல். 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்த அவர், உருண்டை விதை தரும் வம்சத்தையும் சுருங்கிய விதை தரும் வம்சத்தையும் கலந்தபோது, முதல் தலைமுறை விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அடியோடு அழிந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அந்த விதைகளை முளைக்கவைத்துத் தம்முள்ளேயே கருவுறவிட்டு, அடுத்த தலைமுறையில் கிடைத்த 7,324 விதைகளை அவர் எண்ணிப் பார்த்தபோது, 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் இருந்தன; ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்த பாட்டன் பேரனிடம் திரும்பியிருந்தான்.

இதன் தாத்பரியம் எளிது. ஒவ்வொரு குணத்துக்கும் உடலில் இரண்டு காரணிகள் உண்டு. ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. ஓங்கிய காரணி வெளியே தெரியும். ஒடுங்கிய காரணி அதன் நிழலில், சிறிதும் கலப்போ தேய்வோ இன்றி, மறைந்து கிடக்கும். சந்ததியை உண்டாக்கும் வேளையில் இரண்டும் பிரிந்து, ஒன்று மட்டுமே பிள்ளைக்குப் போகும். இரு பக்கத்திலிருந்தும் ஒடுங்கியதே வந்து சேர்ந்துவிட்டால், மறைந்திருந்தது வெளிப்படும். மெண்டல் 1866இல் அச்சிட்ட இந்த உண்மையை உலகம் 1900இல்தான் கண்டெடுத்தது. காரணிகளையே இன்று நாம் மரபணு என்கிறோம்.

மூக்கின் வடிவம் பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை; பட்டாணிக் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தலசீமியா என்னும் ரத்த நோய்க்குப் பெரும்பாலும் அச்சொட்டாகப் பொருந்தும். ஒரு குறைக் காரணியை மட்டும் தாங்கியவர் நோயாளி அல்லர். தாம் தாங்குவதை அறியாமலே வாழ்ந்து முடிக்கலாம். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இதில் ஒரு பங்கு தந்தையுடையது, ஒரு பங்கு தாயுடையது. நோயுற்ற குழந்தையைப் பெற்றவள் என்று மருமகளை மட்டும் பழிக்கும் வீடுகளில் இந்தச் சமன்பாட்டை உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். அது அவள் செய்த பாவமும் அன்று, எவருடைய கர்மவினையும் அன்று.

தமிழர்க்கு இக்கணக்கில் தனிக் கவனம் வேண்டும். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பெண்கள் சொந்தத்திலேயே மணம் செய்துகொண்டவர்கள். ஒரு பாட்டியிடம் ஒடுங்கிய நோய்க்காரணி ஒன்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். அது மகனுக்கோ மகளுக்கோ போக வாய்ப்பு இரண்டில் ஒன்று. பேரப்பிள்ளைக்கு நான்கில் ஒன்று. அத்தைமகனும் மாமன்மகளும் மணந்தால், இருவருமே அதைத் தாங்கியிருக்க வாய்ப்பு 16இல் ஒன்று, அவர்கள் குழந்தைக்கு நோய் வர 64இல் ஒன்று. தாய்மாமனே அக்காள் மகளை மணந்தால் 32இல் ஒன்று. வேலூரை மையமாக வைத்து வடார்க்காட்டில் 1970களில் ஆராய்ந்த பி. எஸ். எஸ். ராவும் எஸ். ஜி. இன்பராஜும், சொந்தத்தில் மணந்தோரிடையே கர்ப்ப நஷ்டம் பெரிதும் மிகவில்லை என்று கண்டு, தலைமுறை தலைமுறையாக நடந்த உறவுமணமே கேடான காரணிகளை ஓரளவு களைந்திருக்கலாம் என்று கருதினார்கள். பிற ஆய்வுகளோ ஒடுங்கிய நோய்கள் மிகுவதைக் காட்டின. ஆகவே உறவுமணத்தை நான் இகழவில்லை. கணக்கறியாமல் செய்வதையே அஞ்சுகிறேன்.

அந்தக் கணக்குக்கு வேண்டிய ஏடு எங்கே இருக்கிறது? எந்தத் தாயாதி வீட்டில் எந்தக் குழந்தை ரத்தம் குன்றி இறந்தது, யார் பிறவியிலேயே காது கேளாதிருந்தார் என்பதெல்லாம் மூதாட்டிகளின் நினைவில் இருக்கிறது. மூன்று தலைமுறையும் ஒரே சந்தில் வாழ்ந்த மதராசி கேம்ப்பில், படிக்கட்டிலிருந்து கை நீட்டியே ஒரு வம்சாவளியைச் சொல்லிவிடலாம். வீடு பெறத் தகுதியுண்டு என்று ஏற்கப்பட்டவர்கள் டில்லியின் வடகோடியான நரேலாவுக்கும், ஏனையோர் கிடைத்த மூலைகளுக்குமாகச் சிதறிவிட்ட இன்று, அந்த ஏட்டின் பக்கங்களும் சிதறிவிட்டன.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு, மூன்று தலைமுறைகளின் பெயர்களையும், அவரவர்க்கு வந்த நோய்களையும், யார் யாரை மணந்தார் என்பதையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். சொந்தத்தில் கல்யாணம் பேசும்போது ஜாதகத்தோடு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, மரபணு ஆலோசனை கூறும் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையே தலசீமியாக் காரணியைக் காட்டிக்கொடுக்கும். பேரனிடம் பாட்டன் எப்படியும் திரும்பி வருவான். எதைக் கொண்டுவருகிறான் என்பதை முன்னரே அறிந்துவைப்பது நம் கடமை.