ஆம்பூர் கைக்கு ஒரு பெயர்ப்பலகை

காலணித் தொழிலில் தனித்து வேலை செய்பவர்கள் இணையத்தில் தங்களை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது?

வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. ஆனாலும் பாலாற்றங்கரையின் தோல் தொழில் இன்றும் ஒரே வட்டாரம்தான். ராணிப்பேட்டையில் பதனிட்ட தோல் ஆம்பூரில் ஷூவாகி, சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. வாங்குகிற நிறுவனத்தின் பெயர் மட்டுமே பெட்டியில் இருக்கும். பேட்டர்ன் வெட்டியவர், சாம்பிள் தைத்தவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது.

மாதச் சம்பளத்தில் இருக்கும்வரை இது யாரையும் உறுத்தியதில்லை. ஒரு கம்பெனியை விட்டால், "அந்த பேட்டர்ன் மாஸ்டர் நல்லா செய்வாரு" என்ற வாய்ச்சொல்லில் அடுத்த கம்பெனி கிடைத்துவிடும். வேலையை விட்டுத் தனியாகச் செய்ய நினைப்பவருக்கு அந்த வாய்ச்சொல் பேரணாம்பட்டைத் தாண்டாது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட டிசைனர், ஓய்வுபெற்ற தரப் பரிசோதகர், கேட் (CAD) என்ற கணினி வடிவமைப்பு கற்ற இளைஞர் ஆகியோருக்கு இணையம் அவசியமாவது இந்த இடத்தில்தான்.

வீட்டுத் தையல் சொல்லும் பாடம்

தனித்து வேலை செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. மொக்காசின் வகை ஷூக்களின் மேல்பாகத்தைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துவந்து கையால் தைப்பது ஆம்பூர்ப் பகுதியில் நெடுநாள் வழக்கம். பிரிட்டனின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், பெங்களூருவின் சிவிடெப் உள்ளிட்ட அமைப்புகள் 2016-ல் வெளியிட்ட அறிக்கை இவர்களைப் பற்றியதுதான். அதன்படி கூலி ஜோடிக் கணக்கு. வேலை ஏஜென்ட் மூலம் வரும். சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. யாருக்காகத் தைக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது.

இந்தப் பெண்களின் கைத்திறனில் குறையில்லை. வாங்குபவர் அவர்களை அறியாததால் பேரம் பேசும் வாய்ப்புத்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இணையத்தில் வேலை தேடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியதும் இதைத்தான். எத்தனை தளங்களில் கணக்கு இருக்கிறது என்பதைவிட, வேலை கொடுப்பவருக்கு உங்கள் பெயர் தெரிகிறதா என்பது முக்கியம்.

எதைக் காட்டலாம்?

காலணித் தொழிலில் வேலையைக் காட்டுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. பத்து வருடம் செய்த சாம்பிள்கள் அனைத்தும் யாரோ ஒரு பிராண்டுக்குச் சொந்தம். கடைக்கு வராத மாடலின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை மீறியதாகும். கம்பெனி ஆர்டரை இழக்கும், போட்டவருக்குப் பெயர் கெடும்.

அதனால் சொந்தமாக ஒரு மாடலைச் செய்து, அது உருவாகும் வழியைக் காட்டுவது நல்லது. லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சின் மீது மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு வரைந்து, டேப்பை உரித்துத் தட்டையாக்கி, அட்டையில் பேட்டர்ன் எடுத்து, தோல் வெட்டி, மேல்பாகம் தைத்து, லாஸ்டில் இழுத்து முடிப்பதுவரை ஒவ்வொரு கட்டத்தையும் பகல் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்தால் போதும். முடிந்த ஷூவின் அழகான படத்தை யாரும் எங்கிருந்தும் எடுத்து ஒட்டலாம். நடுவில் நடக்கும் வேலையைக் காட்ட, அதைச் செய்தவரால் மட்டுமே முடியும். வாங்குகிறவர் தேடும் நம்பிக்கையும் அதில்தான் பிறக்கிறது.

அறிமுக வரியையும் குறுக்கிச் சொல்ல வேண்டும். 'ஃபுட்வேர் டிசைனர்' என்று மட்டும் எழுதினால் ஆயிரம் பேரில் ஒருவர். 'பெண்களுக்கான மொக்காசின், லோஃபர். பேட்டர்ன், கிரேடிங், டெக் பேக்' என்று எழுதினால் அதையே தேடுகிறவர் நேராக வந்து சேர்வார். புதிதாகத் தொடங்கும் சிறு பிராண்டுகளிடம் படம் இருக்கும். அதை ஆலை புரிந்துகொள்ளும் அளவுகளாக மாற்றத் தெரியாது. நூறு ஜோடிக்குப் பெரிய ஆலை இயந்திரத்தை ஓட்டாது. சிறிய அளவில் ஜாப் வொர்க் செய்து தருபவர் யாரென்று அறிந்த உள்ளூர் ஆள் அவர்களுக்குக் கிடைத்தற்கரிய துணை. அந்தத் தகவலையும் அறிமுகத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலையைக் கோப்பாக அனுப்புவதில் இன்னொரு வசதியும் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது தோல் ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். மின்னஞ்சலில் போன பேட்டர்ன் கோப்புக்கு அந்த வரி இருக்கவில்லை.

தளமும் ஓர் ஏஜென்ட்தான்

தனித்து வேலை செய்பவரை வேலை கொடுப்பவரோடு இணைக்கும் ஃபைவர் தளம், செய்பவரின் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. அப்வொர்க்கில் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம்; வேலைக்கு விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்கள் செலவாகும். முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரரிடமிருந்து பணம் ஒழுங்காக வந்துசேர இந்தக் கமிஷன் ஒரு காப்பு. முதல் சில வேலைகளுக்கு இது நியாயமான விலையே.

அங்கே அறிமுகமானவரை வெளியே இழுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். அப்வொர்க்கில் சந்தித்தவரோடு இரண்டு ஆண்டுகளுக்குத் தளத்தின் வழியாகவே பணப்பரிமாற்றம் செய்ய வேண்டும் என்பது விதி. மீறினால் கணக்கு முடங்கும். தளத்தில் வேலை செய்துகொண்டே லிங்க்ட்இனிலும் இன்ஸ்டாகிராமிலும் உங்கள் பெயரைத் தேடி வருகிறவர்களைத் தனியாக வளர்த்துக்கொள்வதுதான் நேர்வழி. பெல்ட், பர்ஸ், பை செய்பவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கும் கூகுள் மேப்பில் ஒரு பதிவும் உள்ளூர் வியாபாரத்துக்கே உதவும்.

தொடக்கத்தில் விலையை அடிமட்டத்துக்கு இறக்குவது பலர் செய்யும் தவறு. அந்த விலைக்கு வருகிறவர், உயர்த்தியதும் வேறிடம் பார்ப்பார். விலையைக் குறைப்பதைவிட வேலையின் அளவைக் குறைக்கலாம்: முதலில் ஒரே ஒரு பேட்டர்ன், இரண்டு முறை திருத்தம், சாம்பிளுக்கும் கூரியருக்கும் முன்பணம். எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கும் காவலும்

சேவை வழங்குபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம். அதற்குள் இருந்தாலும் ஒவ்வொரு வேலைக்கும் பில், வங்கியில் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று இரண்டையும் சேர்த்து வைத்தால் வருமான வரிக் கணக்குக்கு உதவும். வேலை தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணமோ டெபாசிட்டோ கேட்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கண்காட்சியில் ஓர் இடம்

2020-21-ல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் (நிரந்தர வேலையின்றி, வேலைக்கு வேலை கூலி பெறுபவர்கள்) இருந்ததாகவும், 2029-30-ல் அது 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக் 2022-ல் மதிப்பிட்டது. 2023 சுதந்திர தின உரையில் தமிழக முதல்வர் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அறிவித்தார். டெலிவரி செய்பவர்களையும் ஓட்டுநர்களையும் மனதில் வைத்துப் பிறந்த திட்டம் அது. வீட்டிலிருந்து இத்தாலிக்கோ இங்கிலாந்துக்கோ பேட்டர்ன் அனுப்புகிறவர் அந்தத் திட்டத்தின் கண்ணில் இன்னும் படவில்லை.

சென்னை நந்தம்பாக்கத்தில் வழக்கமாக ஜனவரி இறுதி, பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கும் இந்திய சர்வதேசத் தோல் கண்காட்சிக்கு உலகெங்கிலுமிருந்து வாங்குபவர்கள் வருகிறார்கள். அரங்கு எடுக்கப் பணம் உள்ள கம்பெனிகளே அங்கே தெரிகின்றன. தனியாக வேலை செய்யும் பேட்டர்ன் மேக்கர்கள், சாம்பிள் தைப்பவர்கள், தரப் பரிசோதகர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பொது அரங்கையும் இணையத்தில் ஒரு பெயர்ப் பட்டியலையும் ஏற்பாடு செய்வது தோல் ஏற்றுமதிக் கழகத்துக்கோ மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ பெரிய செலவில்லை. கையால் மொக்காசின் தைக்கும் பெண்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.