ஸ்கேன் நார்மல் என்றால் தலைக்கு ஒன்றுமில்லையா?

பைக்கிலிருந்து விழுந்தவரை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘தலைக்கு ஸ்கேன் எடுத்தாச்சா டாக்டர்?’ என்பதுதான். ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. மூன்று நாள் கழித்து அதே ஆள், ‘தலை வலிக்குது, வெளிச்சத்தைப் பார்த்தா கண் கூசுது, சொன்னதெல்லாம் மறந்துபோகுது’ என்று சொன்னால், ‘அதான் ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே!’ என்று வாயை அடைத்துவிடுகிறோம். ஸ்கேன் எதற்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சி.டி. ஸ்கேன் எதைத் தேடுகிறது?

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில்தான் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேனில் படமாக்கப்பட்டது. அந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணித அடிப்படையை வகுத்த ஆலன் கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தலைக்காயத்தில் சி.டி.க்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் வேகம். சில நிமிடங்களில் படம் வந்துவிடும். புதிதாகக் கசிந்த ரத்தம் சாம்பல் நிற மூளைக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும். மூளையின் வெளியுறைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே தேங்கும் ரத்தம் லென்ஸ் போல இருபுறமும் புடைத்திருக்கும். உறைக்கு உள்ளே பரவினால் பிறை வடிவில் தெரியும். எலும்பு முறிவு, மூளை வீக்கம், மூளை ஒருபக்கமாகத் தள்ளப்பட்டிருப்பது ஆகியவையும் புலப்படும். ‘இவருக்கு உடனே ஆபரேஷன் தேவையா?’ என்ற கேள்விக்குச் சி.டி. தெளிவாகப் பதில் சொல்லும்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்...

2009 மார்ச்சில் கனடாவின் மோன் ட்ராம்ப்ளான் பனிச்சறுக்குத் தளத்தில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் சறுக்குப் பயிற்சியின்போது விழுந்தார். வெளிக்காயம் எதுவும் இல்லை. சிரித்துப் பேசியவர், மருத்துவ உதவி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கியது. விழுந்த இரண்டாம் நாள் இறந்துபோனார். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே ஏற்பட்ட ரத்தக்கசிவே காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. இந்த வகைக் கசிவில், ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்தும்வரை ஆள் தெளிவாகவே இருக்கலாம். உரிய நேரத்தில் ஸ்கேன் எடுத்தால் கண்டுபிடித்து உயிர் காக்க வாய்ப்புள்ள காயம் இது.

படம் எடுத்த நேரமும் முக்கியம்

ஸ்கேன் காட்டுவது எடுத்த நேரத்து நிலையை மட்டுமே. விபத்து நடந்த ஒரு மணி நேரத்தில் எடுத்த படத்தில் இல்லாத கசிவு, பிறகு தோன்றலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

வயதானவர்களின் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால், அதையும் உறையையும் இணைக்கும் மெல்லிய ரத்தநாளங்கள் இழுபட்டு நிற்கும். குளியலறையில் லேசாகத் தலை இடித்தாலே அவை கிழிந்து, வாரக்கணக்கில் மெல்ல ரத்தம் சேரலாம். ‘அப்பா முன்னமாதிரி இல்லை, நடை தள்ளாடுது’ என்று பிள்ளைகள் கவனிக்கும்போது, இடித்துக்கொண்டதே மறந்துபோயிருக்கும். அப்போது மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

படத்தில் சிக்காத காயம்

தலை வேகமாகக் குலுங்கும்போது மூளையின் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. செல்களின் வேதிச் சமநிலை குலைகிறது. ‘கன்கஷன்’ எனப்படும் இந்த மூளை அதிர்ச்சியில் கசிவோ வீக்கமோ இல்லாததால், பெரும்பாலும் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் நார்மலாகவே இருக்கும். ஆனாலும் தலைவலி, தலைசுற்றல், தூக்கக் குழப்பம், எரிச்சல், கவனச்சிதறல் எல்லாம் உண்மையானவை. நோயாளி நடிக்கவில்லை. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மாதங்கள் ஆகலாம்.

சி.டி. தவறவிடும் நுண்ணிய கசிவுகளை எம்.ஆர்.ஐ. காட்டும். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லேசான தலைக்காயத்துக்குப் பின் சி.டி. நார்மலாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் மாற்றம் தெரிந்தது. அதேசமயம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் விபத்தால் வந்தவை என்றும் சொல்ல முடியாது. வயது, ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றாலும் அவை வரும்.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையா?

தேவையில்லை. தலைக்கு எடுக்கும் ஒரு சி.டி.யில் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் சேர்கிறது. குழந்தைகள் விஷயத்தில் டாக்டர்கள் கூடுதலாக யோசிப்பது இதனால்தான். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவுகோல் 1974 முதல் புழக்கத்தில் இருக்கிறது. முழு மதிப்பெண் 15. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் 15 வராவிட்டால், இரண்டு தடவையாவது வாந்தி எடுத்தால், மண்டை உடைந்ததற்கான அறிகுறி தெரிந்தால், வயது 65 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்கேன் அவசியம். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் எடுத்துவிடுவதே பாதுகாப்பு.

வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் 24 மணி நேரம் நோயாளியைத் தனியே விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போன்ற நீர் அல்லது ரத்தம் வடிவது - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 முதல் நடைமுறையில் உள்ளது.

தொந்தரவு நீங்கும்வரை வண்டி ஓட்டுவது, மது, விளையாட்டு மூன்றும் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்தும் தொந்தரவு நீடித்தால், பழைய ரிப்போர்ட்டைக் காட்டி நோயாளியின் வாயை அடைக்காமல், நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.