பொங்கல் மேடைக்கு வரும் வேட்பாளரிடம் கேட்க ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சிட்னி வென்ற்வேர்த்வில்லில் ஒரு தமிழ்க் கடை. முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வாங்க வந்த சனம் வரிசையில் நிற்கிறது. எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒருவர், காசு வாங்கிக்கொண்டிருந்த பொடியனிடம் கதை கொடுத்தார்.

"தம்பி, அந்தப் படகுப் பிரச்சினை எல்லாம் முடிஞ்சுதுதானே? எல்லாருக்கும் பிஆர் குடுத்திட்டாங்கள் எண்டு கேள்விப்பட்டன்."

பொடியன் தலை நிமிராமலே சொன்னான்: "எல்லாருக்கும் இல்லை ஐயா. நான் 2012-இல வந்தனான். எனக்கு இன்னும் இல்லை."

ஐயா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களில் பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருப்பதும் அதுதான்: 'அது முடிந்த கதை.'

முடியவில்லை. தேர்தல் காலங்களில் எங்கட பொங்கல் விழாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து சால்வை போர்த்திக்கொள்ளும் வேட்பாளர்களிடம் நாங்கள் அதைக் கேட்பதே இல்லை என்பதுதான் உண்மை.

முதலில் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற சொல்லைப் பார்ப்போம். இந்த நாட்டில் விசா இல்லாமல் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் விமானத்தில், செல்லுபடியான விசாவோடு வந்து, காலம் முடிந்த பிறகும் தங்கியவர்கள். குடிவரவுத் திணைக்களத்தின் கணக்குப்படி இவர்கள் 70,000-க்கும் மேல். மலேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள் இதில் கணிசமான தொகை. ஆனால் எந்தத் தேர்தலிலும் இவர்களைப் பற்றி எவரும் சுவரொட்டி அடித்ததில்லை. அரசியல் எப்போதும் படகைப் பற்றியதுதான்.

படகில் வந்து புகலிடம் கேட்பதோ குற்றமே அல்ல. அவுஸ்திரேலியா கையெழுத்திட்ட 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, அனுமதியின்றி நுழைந்ததற்காக அகதிகளைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2013-இல் குடிவரவு அமைச்சராக வந்த ஸ்கொட் மொறிசன், படகில் வருவோரை 'சட்டவிரோதமாக வந்தோர்' என்றே குறிப்பிட வேண்டும் என்று தன் திணைக்களத்துக்கு அறிவுறுத்தினார். சொல் மாறினால் பார்வை மாறும் என்பது அரசியல்வாதிகளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தப் படகு அரசியலின் தொடக்கம் 2001 ஓகஸ்ட். மூழ்கும் நிலையிலிருந்த படகொன்றிலிருந்து 433 பேரைக் காப்பாற்றிய 'தம்பா' என்ற நோர்வேக் கப்பலை உள்ளே விட மறுத்தார் பிரதமர் ஜோன் ஹவார்ட். அந்த நவம்பரில் தேர்தலில் வென்றார். நவூருவும் மனுஸ் தீவும் முகாம்களாயின. 2007-இல் வென்ற கெவின் ரட் அந்த முகாம்களை மூடினார். தற்காலிகப் பாதுகாப்பு விசாவையும் நீக்கினார். படகுகள் பெருகின. 2012-இல் ஜூலியா கிலார்டின் தொழிற்கட்சி அரசே முகாம்களைத் திரும்பத் திறந்தது. 2013 ஜூலை 19 அன்று அதே ரட், இனிப் படகில் வரும் எவரும் அவுஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட மாட்டார்கள் என்று அறிவித்தார். இரண்டு மாதத்தில் ரொனி அபொட் 'படகுகளை நிறுத்துவேன்' என்று சொல்லி வென்றார். தமிழிலும் சிங்களத்திலும்கூட 'வர வழியில்லை' என்று விளம்பரம் அடித்தார்கள். 2014-இல் இலங்கையர் 41 பேரைக் கடலிலேயே விசாரித்து, கடலிலேயே இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள்.

அதாவது, புதிதாக வரும் படகுகள் விடயத்தில் இரு பெரிய கட்சிகளுக்கும் இடையில் இன்று வேறுபாடு கிடையாது. தொழிற்கட்சி அரசும் படகைத் திருப்பி அனுப்புகிறது. 2023 செப்டெம்பரில் நவூருவுக்குத் திரும்பவும் ஆட்களை அனுப்பத் தொடங்கியதும் அதுவே.

அப்படியென்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது? ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் விடயத்தில்.

2012, 2013 காலப்பகுதியில் வந்து சேர்ந்த ஏறத்தாழ 30,000 பேரின் விண்ணப்பங்களை விசாரிக்க, 2014 டிசம்பரில் கூட்டணி அரசு 'விரைவுப் பாதை' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. பெயர்தான் விரைவு. அமைச்சர் அனுமதிக்கும்வரை பலரால் விண்ணப்பிக்கவே முடியாதிருந்தது. பிறகு திடீரென்று 2017 ஒக்ரோபர் 1 கடைசி நாள் என்று அறிவித்தார்கள். நிராகரிக்கப்பட்டால் மறுபரிசீலனை பெரும்பாலும் கடதாசியில் மட்டும்தான். ஆளை நேரில் கூப்பிட்டுக் கேட்பது அரிது. புதுச் சாட்சியம் கொடுக்கவும் பெரிதாக இடமில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் மூன்று அல்லது ஐந்து வருட விசா மட்டுமே, நிரந்தரம் இல்லை.

இதைத் தொழிற்கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது நியாயமற்றது என்றது. 2022 மே 21 தேர்தலுக்கு முன் இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தது: தற்காலிக விசாவை ஒழிப்போம், குவீன்ஸ்லாந்தின் பிலோவீலா ஊர்ச் சனமே கேட்டு நின்ற அந்தத் தமிழ்க் குடும்பத்தை ஊருக்குத் திருப்பி அனுப்புவோம். வாக்களிப்பு நாளன்று, இலங்கையிலிருந்து வந்த படகொன்று மறிக்கப்பட்டதாக அரசு அவசரமாக அறிவித்தது. இழுபறித் தொகுதிகளில் இருந்த வாக்காளர்களின் கைபேசிகளுக்கு அது லிபரல் கட்சியின் குறுஞ்செய்தியாகவும் போனது. ஆனாலும் அந்த முறை படகு வாக்குத் தரவில்லை. தொழிற்கட்சி வென்றது. ஜூன் மாதம் அந்தக் குடும்பம் பிலோவீலாவுக்குத் திரும்பியது. ஓகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது.

2023 பெப்ரவரியில், தற்காலிக விசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறந்தது. இது சின்ன விடயமில்லை. எத்தனையோ தகப்பன்மார் பத்து வருடத்துக்குப் பிறகு மனைவி பிள்ளைகளைக் கூப்பிட வழி கிடைத்தது இதனால்தான். தொழிற்கட்சிக்கு அந்த நன்றி சேரத்தான் வேண்டும். கூட்டணி அதை எதிர்த்தது. ஆட்கடத்தல்காரர்கள் இதைச் சொல்லி வியாபாரம் செய்வார்கள் என்றது. அதன் பிறகு சில படகுகள் வந்தன. ஆனால் 2012, 2013 போல வரவில்லை.

ஆனால் அந்தக் கதவு விசா இருந்தவர்களுக்கு மட்டும்தான். விரைவுப் பாதையில் நிராகரிக்கப்பட்டவர்கள் வெளியே நிற்கிறார்கள். பல ஆயிரம் பேர். அவர்களில் எங்கட ஆக்களும் ஈரானியரும் ஆப்கானியரும் இருக்கிறார்கள். எந்த முறை நியாயமற்றது என்று தொழிற்கட்சி சொன்னதோ, அதே முறை கொடுத்த 'இல்லை' என்ற பதிலை அதே கட்சி இன்றுவரை கைவிடவில்லை. 2024 ஒக்ரோபரில் அந்த மறுபரிசீலனை அமைப்பையே அரசு கலைத்துவிட்டது. அமைப்பு போய்விட்டது, அது எழுதிய தீர்ப்புகள் மட்டும் நிற்கின்றன.

அந்தத் தீர்ப்புகள் பல எழுதப்பட்ட காலத்தையும் பாருங்கள். 2015-இல் மைத்திரிபால சிறிசேன வந்த பிறகு 'இலங்கை நிலைமை முன்னேறியிருக்கிறது' என்ற அடிப்படையில் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்ட காலம் அது. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். 2022-இல் நாடே வங்குரோத்தாகி அவர் ஓடினார். தீர்ப்பு மட்டும் 2016-லும் 2017-லும் உறைந்து நிற்கிறது.

அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? பிறிட்ஜிங் விசாவில். ஆறு மாதம், ஒரு வருடம் என்று புதுப்பித்துக்கொண்டு. சிலருக்கு வேலை செய்யும் உரிமை உண்டு, சிலருக்கு இல்லை. மூன்று வயதில் வந்த பிள்ளை இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறது. பல்கலைக்கழகம் போக நினைத்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணம், மாணவர் கடன் கிடையாது. 2024 ஜூலையில் மெல்பேர்ண் டொக்லண்ட்ஸில் உள்துறைத் திணைக்கள அலுவலகத்துக்கு முன்னாலும், சிட்னி பஞ்ச்போலில் உள்துறை அமைச்சர் ரொனி பேர்க்கின் தொகுதி அலுவலகத்துக்கு முன்னாலும் இரவு பகலாகப் போராட்ட முகாம்கள் நடந்தன. அந்த ஓகஸ்டில் மெல்பேர்ண் போராட்டத்தோடு நின்ற 23 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். படகில் வந்தபோது அவர் பிள்ளை. தன் வாழ்வில் பாதியை 'பதில் வரும்' என்று காத்தே கழித்தவர். அதற்குப் பிறகாவது எங்கட விழா மேடைகளில் இந்தப் பேச்சு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இனி, கட்சிகள் நிற்கும் இடத்தை 2025 மே 3 தேர்தலை வைத்துப் பார்க்கலாம்.

பீற்றர் டட்டன் தலைமையில் கூட்டணி, நிரந்தரக் குடிவரவை 185,000-இலிருந்து 140,000 ஆகவும், மனிதாபிமான அடிப்படையிலான இடங்களை 20,000-இலிருந்து 13,750 ஆகவும் குறைப்போம் என்றது. டட்டன் தன் தொகுதியையே இழந்தார். தொழிற்கட்சி 20,000 என்ற எண்ணைத் தக்கவைத்தது. ஆனால் நிராகரிக்கப்பட்டவர்கள் பற்றி வாக்குறுதி எதுவும் தரவில்லை. போதாததற்கு 2024 நவம்பரில், ஆட்களை மூன்றாம் நாட்டுக்கு அனுப்பப் பணம் கொடுக்கும் அதிகாரத்தைக் கூட்டணியின் ஆதரவோடு சட்டமாக்கியதும் அதே அரசுதான். பசுமைக் கட்சி கடல்கடந்த முகாம்களையும் கட்டாயத் தடுத்துவைப்பையும் ஒழிக்க வேண்டும், அகதி இடங்களை 50,000 ஆக்க வேண்டும் என்கிறது. அரசு அமைக்கும் பலம் அதற்கு இல்லை. மறுமுனையில் போலின் ஹான்சனின் வன் நேஷன் கட்சி, 75,000 பேரை நாடுகடத்துவோம் என்கிறது.

இதில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. 2025 ஓகஸ்ட் 31 அன்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் குடிவரவுக்கு எதிரான பேரணிகள் நடந்தன. அதற்கான துண்டுப்பிரசுரங்கள் படகில் வந்தவனைக் குறிவைக்கவில்லை. விமானத்தில், படித்து, விசா எடுத்து வந்த இந்தியர்களைக் குறிவைத்தன. 'நான் முறையாக வந்தவன், அவன் படகில வந்தவன்' என்று நாங்கள் எங்களுக்குள் போடும் கோடு, தெருவில் கத்துபவனின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தக் கோட்டைப் போடுபவர்கள் எங்களில் நிறையப் பேர். "நாங்கள் புள்ளி சேர்த்து, காசு கட்டி, வருசக் கணக்கா நிண்டு வந்தனாங்கள். இவைக்கு மட்டும் ஏன் குறுக்கு வழி?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வியை ஒதுக்கித் தள்ளக் கூடாது. 2008-க்கும் 2013-க்கும் இடையில் இந்தக் கடற்பாதையில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். படகு ஏறாதே என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நாளை வரக்கூடிய படகு வேறு, பதின்மூன்று வருடமாக இங்கே வரி கட்டி, பள்ளிக்கூடம் போய், கோழி இறைச்சித் தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்பவர் வேறு. 2023-இல் போட்டது போலவே, இந்தத் திகதிக்கு முன் வந்தவர்களுக்கு மட்டும் என்று எல்லை வைத்து, நிராகரிக்கப்பட்டவர்களின் வழக்குகளை நியாயமாகத் திரும்பப் பார்க்கலாம். புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. குடிவரவுச் சட்டம் அமைச்சருக்குத் தனிப்பட்ட தலையீட்டு அதிகாரம் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்து என்று எந்த நீதிமன்றமும் அவருக்குக் கட்டளையிட முடியாது. பயன்படுத்தாதே என்று எவரும் தடுக்கவும் இல்லை. பிலோவீலா குடும்பத்துக்குக் கதவு திறந்தது அந்த அதிகாரத்தால்தான். அவர்களுக்காக ஓர் ஊர் நின்றது. கடையில் நிற்கும் பொடியனுக்காக யார் நிற்பது?

அவனுக்கு வாக்கு இல்லை. எங்களுக்கு இருக்கிறது. 2021 குடித்தொகைக் கணக்கில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் மேல். சிட்னியில் பரமற்றாவிலும் கிறீன்வேயிலும், மெல்பேர்ணில் டண்டினோங் பக்கத்திலும் நாங்கள் செறிந்து வாழ்கிறோம். இங்கே வாக்களிப்பது கட்டாயம். கூட்டாட்சிக் கீழ்ச்சபைத் தேர்தலில் விருப்பு வரிசையில் எல்லா வேட்பாளருக்கும் இலக்கம் போட வேண்டும். அதனால் முதல் இலக்கம் மட்டுமல்ல, இரண்டாவதும் மூன்றாவதும் பெறுமதியானவை. ஒரு வேட்பாளருக்கு அது நன்றாகவே தெரியும்.

விக்டோரியாவில் 2026 நவம்பரில் மாநிலத் தேர்தல், நியூ சவுத் வேல்ஸில் 2027 மார்ச்சில், கூட்டாட்சித் தேர்தல் 2028 மே மாதத்துக்குள். விசா கொடுப்பது கன்பராதான். மாநில வேட்பாளர் 'அது எங்கட கையில் இல்லை' என்று சொல்வார். தொழிற்கல்விக் கட்டணமும் அரச ஆஸ்பத்திரியும் பேருந்துச் சலுகையும் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. அவரிடம் அதைக் கேட்கலாம்.

கன்பராவுக்குப் போக நிற்பவர் அடுத்த பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருவார். 'வணக்கம்' என்பார், கைதட்டுவோம். சால்வை போர்த்துங்கள், பொங்கலும் கொடுங்கள். படமும் எடுங்கள். அவர் காருக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "விரைவுப் பாதை நியாயமற்றது என்று அரசே அதை மூடிவிட்டது. அந்தப் பாதையில் நிராகரிக்கப்பட்டவர்களின் வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் பாராளுமன்றத்தில் பேசுவீர்களா, மாட்டீர்களா?"

'பல்கலாசாரம் எங்கள் பலம்' என்பது அதற்குப் பதில் ஆகாது. ஆம் அல்லது இல்லை. எந்தப் பதிலைச் சொன்னாலும், சொன்ன திகதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.