படம் புதுசு... வண்டி பழசு!

செல்போனில் பழைய டிராக்டர் தேடும் விவசாயிகள் கவனத்துக்கு...

திருவண்ணாமலை மாவட்டம், சேத்துப்பட்டு பக்கத்தில் நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. போன ஆடியில் நல்ல மழை. ஆனால், ஊரில் வாடகைக்கு ஓடும் டிராக்டர்கள் இரண்டே இரண்டுதான். பெரிய நிலக்காரர்களுக்கு ஓட்டி முடித்து இவருடைய முறை வருவதற்குள் ஆறு நாள்கள் ஓடிவிட்டன. மேல்மண் காய்ந்து, கொழு இறங்காமல் நிலம் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. பதம் தப்பியதால் மல்லாட்டை விதைப்பு அடுத்த மழைக்குத் தள்ளிப்போனது.

சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார். புது டிராக்டருக்கு வழியில்லை. மனைவியின் நகையைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்தால் இரண்டரை லட்சம் ரூபாய் புரளும். கல்லூரியில் படிக்கும் மகன், பழைய வண்டிகளை விற்கும் விளம்பரச் செயலியைச் செல்போனில் இறக்கிக் கொடுத்தார். திரை முழுக்க டிராக்டர்கள். 'சிங்கிள் ஓனர்', 'பேப்பர் கரன்ட்', 'செலவு எதுவும் இல்லை' என்று ஒவ்வொன்றின் கீழும் வாசகங்கள். அடுத்த இரண்டு மாதங்கள் அவர் பட்ட பாடு, இன்றைக்குப் பல விவசாயக் குடும்பங்கள் படும் பாடுதான்.

மூன்று அலைச்சல்கள்

முதல் பயணம் நாமக்கல்லுக்கு. விளம்பரத்தில் 'நேரடி உரிமையாளர்' என்று இருந்தது. தெரிந்த மெக்கானிக்குக் கூலி பேசி அழைத்துக்கொண்டு, விடியற்காலை பஸ் பிடித்துப் போனார். அங்கே இருந்தது ஒரு கொட்டகை. பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. "அந்த வண்டி நேத்து ராத்திரிதான் போச்சுங்க. இதைப் பாருங்க" என்று காட்டிய வண்டியின் விலை, விளம்பரத்தில் போட்டிருந்ததைவிட எண்பதாயிரம் ரூபாய் அதிகம். ஆளை வரவழைப்பதற்காகவே போட்ட விலை அது என்பது அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது பயணம் கிருஷ்ணகிரிக்கு. வண்டி நன்றாகவே இருந்தது. ஆனால், ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயருக்கு உரியவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நிதி நிறுவனத்தின் கடனும் அதில் அப்படியே பதிவாகியிருந்தது. வண்டி மூன்று கை மாறியிருக்கிறது. ஒருவர்கூடப் பெயர் மாற்றவில்லை.

மூன்றாவது வண்டிக்குப் பயணமே இல்லை. ராணுவத்தில் இருப்பதாகவும், இடமாற்றம் வந்துவிட்டதால் அவசரமாக விற்பதாகவும் ஒருவர் போனில் பேசினார். சீருடையில் எடுத்த படத்தையும் அனுப்பினார். விலை மிகக் குறைவு. "லாரியில ஏத்திட்டேன், வண்டி வாடகை 5,000 மட்டும் போட்டு விடுங்க" என்றார். பணம் போனது, வண்டி வரவில்லை. பிறகு மகன் தேடிப் பார்த்தபோது, அதே டிராக்டரின் படம் வேறு இரண்டு மாவட்டங்களின் பெயரில், வேறு வேறு விலையில் கிடந்தது. அன்றைக்கு அவருடைய மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வண்டி என் கண்ணு முன்னாடி வந்து நிக்கட்டும். அதுக்கு அப்புறம்தான் நகை பேங்குக்குப் போகும்."

சந்தையில் இருந்தது, செல்போனில் இல்லை

மாட்டுச் சந்தையில் யாரும் படம் பார்த்து மாடு வாங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர், அடுத்த வாரமும் அதே சந்தைக்கு வந்தாக வேண்டும். அதனால் அவருடைய பேச்சுக்கு ஓரளவு பிணை இருந்தது. செல்போன் விளம்பரத்தில் அந்தப் பிணை இல்லை. விற்பவர் நம்பரை மாற்றிவிட்டால் கதை முடிந்தது. எனவே, சந்தையில் நான்கு பேர் சேர்ந்து செய்த சோதனையை, வாங்குபவரே செய்தாக வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் காகிதம், பிறகு இயந்திரம், கடைசியில்தான் பணம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள்.

முதலில் காகிதம்

பஸ் ஏறுவதற்கு முன்பே வண்டியின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். நம்பர் பிளேட்டை மறைத்துப் படம் போட்டுவிட்டு, எண்ணைக் கேட்டாலும் மழுப்பினால், அந்த வண்டியை விட்டுவிடலாம். பதிவு எண் இருந்தால், மத்திய அரசின் 'எம்-பரிவாகன்' செயலியில் வண்டியின் பதிவு விவரங்களைப் பார்க்கலாம். எந்த ஆண்டு பதிவானது, பதிவுக்காலம் எதுவரை, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். 'பேப்பர் கரன்ட்' என்ற வார்த்தையை இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடன் பதிவு இருந்தால், கடன் கொடுத்த வங்கி அல்லது நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ம், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவர் கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் இறந்துபோயிருந்தால், வாரிசுகள் முதலில் படிவம் 31 மூலம் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகே விற்க வேண்டும். கர்நாடகா, ஆந்திரா பதிவெண் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால், அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே மறுபதிவு செய்ய முடியாது. தவணை கட்டாததால் பிடிக்கப்பட்ட 'சீஸிங்' வண்டிகளை வாங்குவதாக இருந்தால், நிதி நிறுவனத்திடமிருந்து நேரடியாக, எழுத்துபூர்வமான ஆவணங்களோடு மட்டுமே வாங்க வேண்டும்.

'பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டால் போதும்' என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. போதாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ம் ஆண்டு ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, பெயர் மாற்றத்தில் வாங்குபவரைப் போலவே விற்பவருக்கும் அக்கறை இருக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்பவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இன்ஷூரன்ஸையும் 14 நாள்களுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது இயந்திரம்

காகிதம் சரியாக இருந்தால், நேரில் போகும் முன்பு ஒரு வீடியோ அழைப்பு. சேசிஸ் எண்ணைக் காட்டச் சொல்லி, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்க்கலாம். உண்மையாக விற்பவர் இதற்குத் தயங்க மாட்டார்.

நேரில் போகும்போது, காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்கள் பார்க்கும்படி போக வேண்டும். போனதும் பானட்டையும் சைலன்சரையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் சிறிது கரும்புகை வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. நீலப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கிறது என்றால், அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் 'பேக் கம்ப்ரஷன்'. இன்ஜின் வேலைக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறந்து பார்க்க வேண்டும். அதில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் ஆபத்துதான்.

கல்டிவேட்டரை மாட்டி மேலே தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கவனியுங்கள். மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு இருக்கிறது. பி.டி.ஓ.வைப் போட்டுச் சத்தம் கேளுங்கள். சுமையோடு மேட்டில் ஏற்றி, கியர் நழுவுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் ஆக்ஸிலின் தேய்மானம் தெரியும்.

வண்டி எங்கே உழைத்தது என்பதும் முக்கியம். கேஜ் வீல் போட்டுச் சேற்றுழவில் ஓடிய வண்டியில் பின் ஆக்ஸில், சீல், பிரேக் ஆகியவற்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். செங்கல் சூளைக்கு டிரெய்லர் இழுத்த வண்டியில் கிளட்சும் பிரேக்கும்தான் முதலில் தேய்ந்திருக்கும். மணி மீட்டர் குறைவாகக் காட்டும்போது கிளட்ச் பெடல் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், பெடல் சொல்வதை நம்புங்கள். புத்தம் புது பெயின்ட், வெல்டிங் ஒட்டுகளையும் கசிவுகளையும் மறைக்கும். சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

கடைசியில்தான் பணம்

வண்டியைப் பார்க்காமல் முன்பணம், 'டோக்கன்', லாரி வாடகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணை அழுத்தத் தேவையே இல்லை. 'கியூ.ஆர். கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்' என்று யாராவது சொன்னால், அது உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதற்கான வேலை. பழைய வண்டியை விற்க விளம்பரம் கொடுப்பவர்களும் இதில் சிக்குகிறார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. கையெழுத்தான படிவங்களும் அசல் ஆர்.சி.யும் கைக்கு வந்த பிறகு, உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே பணத்தைச் செலுத்தினால், அதுவே சாட்சியாக நிற்கும்.

இவ்வளவுக்கும் முன்பு இன்னொரு கணக்கும் போட வேண்டும். மூன்று, நான்கு ஏக்கருக்கு மட்டும் ஆண்டில் எத்தனை மணி நேரம் டிராக்டர் ஓடும்? வெளி உழவுக்கும் ஓட்டினால்தான் பழைய வண்டியும் கட்டும். அப்படி வாய்ப்பில்லாதவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறையின் 'இ-வாடகை' சேவை மூலம் முன்பதிவு செய்து வாடகைக்கு எடுக்கலாம். பக்கத்து நிலக்காரர்கள் நான்கு பேர் கூட்டாக வாங்குவதும் ஒரு வழி.

சேத்துப்பட்டு விவசாயிக்குக் கடைசியில் வண்டி கிடைத்தது பக்கத்துத் தாலுகாவில். அதுவும் செயலியில் பார்த்த விளம்பரம்தான். இந்த முறை பதிவு எண்ணைப் பார்த்த பிறகே பஸ் ஏறினார். மூன்று பேரோடு போய்க் கல்டிவேட்டரைத் தூக்கிப் பார்த்ததில் ஹைட்ராலிக் கசிவு தெரிந்தது. அதைச் சொல்லி 15,000 ரூபாய் குறைத்துப் பேசினார்கள். நகை அடகுக்குப் போனது அதற்குப் பிறகுதான். பெயர் மாற்றிய ஆர்.சி. கைக்கு வரும் வரை வண்டியை நிலத்தில் இறக்கவில்லை.

இப்போது மழை பெய்தால், பதம் பார்த்து அவரே ஓட்டுகிறார். தன் நிலம் முடிந்ததும் முதலில் போவது, போன ஆடியில் அவரைப் போலவே முறைக்காகக் காத்திருந்த இரண்டு ஏக்கர்காரரின் காட்டுக்கு.