நிழலில் தழைக்கும் பெரணி

வீட்டின் வடக்குச் சுவரோரத்திலும் மாமரத்தடியிலும் எதை நட்டாலும் வெளிறி, ஒல்லியாக நீண்டு, பூக்காமல் நிற்கும். பெரணிக்கு மட்டும் அதுதான் பிடித்த இடம். பழைய கிணறுகளின் உட்சுவரில், செங்கல் இடுக்கில் யாரும் நடாமலே அது தழைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பெரணிக் குலம் தோன்றி 35 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. பின்னால் வந்த பூக்கும் மரங்கள் காடுகளை வளைத்துக்கொண்டபோது அது ஒழிந்துபோயிருக்க வேண்டும். ஆனால், இன்றுள்ள பெரணி வகைகளில் பெரும்பாலானவை அந்த மரங்கள் வந்த பிறகே கிளைத்துப் பெருகியவை என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நிழலில் என்ன குறை? வெயிலிலுள்ள சிவப்பையும் நீலத்தையும் மேலே இருக்கும் இலைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. தரைக்கு மிச்சம் மீதிதான் வருகிறது. பல பெரணிகளிடம் உள்ள நியோகுரோம் என்ற புரதம் அந்த இரு நிறங்களையும் உணர்ந்து, மங்கிய ஒளியிலும் செடியை வெளிச்சத்தின் பக்கம் திருப்புகிறது. இதற்கான மரபணு பெரணியின் பூர்வீகச் சொத்து அல்ல. ஈரத்தரையில் படரும் ஆந்தோசெரோஸ் குடும்பத்துச் சிறு தாவரங்களிடமிருந்து தாவி வந்தது என்பது 2014-இல் வெளியான ஆய்வின் முடிவு.

முதிர்ந்த இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும், ஸ்போர் எனப்படும் இனப்பெருக்கத் துகள்கள் நிறைந்த பைகளின் குவியல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பையின் முதுகிலும் தடித்த செல்களாலான வளையம் இருக்கும். காய்ந்த காற்றில் அந்தச் செல்கள் நீரை இழக்க, வளையம் பின்னோக்கி வளைந்து பையைக் கிழிக்கிறது. இழுவிசை எல்லை மீறியதும் உள்ளே மிஞ்சிய நீரில் குமிழிகள் வெடிக்கின்றன. வளையம் சட்டெனத் திரும்பி, கவண்கல்போல ஸ்போர்களை வீசுகிறது.

ஈரமண்ணில் விழுந்த ஸ்போரிலிருந்து முதலில் முளைப்பது, விரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு. அதன் அடிப்புறத்தில் ஆணணுக்கள் நீந்திப்போய் முட்டையைச் சேர்ந்தால்தான் புதுப் பெரணி பிறக்கும். நீந்துவதற்கு ஒரு நீர்ப்படலமாவது வேண்டும். இத்தனை கோடி ஆண்டுகளாகியும் பெரணியால் ஈரத்தை விட முடியாததற்குக் காரணம் இதுதான்.

வளர்ப்பவர்களும் இதை மனதில் கொள்ள வேண்டும். மக்கிய இலைச்சருகு கலந்த பொலபொலப்பான மண்ணில் ஈரம் எப்போதும் இருக்கட்டும்; தண்ணீர் தேங்கக் கூடாது. சுருள் இலைகள் எழும் தண்டின் நுனியை மண்ணால் மூடினால் அழுகிவிடும். ஐரோப்பாவில் ‘ஆண் பெரணி’ என்று பெயர்பெற்ற வகை, குளிர்காலத்தில் இலைகள் பட்டுப்போனாலும் தண்டில் உயிரை வைத்திருந்து வசந்தத்தில் துளிர்க்கும். நம் சமவெளி வெக்கைக்கு நர்சரிகளில் எளிதாகக் கிடைக்கும் நெஃப்ரோலெபிஸ் வகைகள் பொருத்தமானவை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இலையடிப் புள்ளிகளைப் பூச்சி என்று எண்ணி மருந்தடித்துவிடாதீர்கள். ஒழுங்கான வரிசையில் இருந்தால் அவை ஸ்போர் குவியல்கள். தாறுமாறாக ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டும்போது செதிலாகப் பெயர்ந்து வந்தால்தான் செதில்பூச்சி.